அப்பாவின் முறை

பிள்ளையின் அப்பாவுக்கு,

ஆரணி சுகம். நானும் பள்ளிக்கூடம் போய்ப் படிப்பித்து வருகிறேன்.

புதிய பாடத்திட்டத்தைப் பற்றிச் சனிக்கிழமை பருத்தித்துறையில் கூட்டம் வைத்தார்கள். ஆசிரியர்கள் சார்பில் எதிர்த்துப் பேச என்னைக் கேட்டார்கள். கொழும்பில் அதை எழுதும் குழுவில் நீங்கள் இருப்பது எல்லாருக்கும் தெரியும். முதலில் மாட்டேன் என்றேன், பிறகு ஓம் என்றுவிட்டேன். ஏனென்று தெரியவில்லை.

தரம் ஆறில் உள்ள ஒரு பயிற்சியைப் பிடித்துக்கொண்டேன். இரவுச் சாப்பாட்டின்போது வீட்டில் ஒவ்வொருவரும் அன்று தமக்கு விளங்காத ஒன்றைச் சொல்ல வேண்டுமாம். "தாய் களைச்சுப்போய் வாறா, தகப்பன் வெளியூரிலை. பிள்ளை ஆருக்குச் சொல்லுறது?" என்று கேட்டேன். நல்ல கைதட்டல்.

திரும்பி வரும்போது பஸ்ஸில், கூட்டத்துக்கு என்னோடு வந்திருந்த ஆரணி யன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னாள்: "அம்மா, உது அப்பா இஞ்ச இருக்கேக்கை நாங்கள் செய்யிறதெல்லே."

மேடையில் எனக்கு அது நினைவு வரவில்லையா, நினைவு வந்ததால்தான் அதைப் பிடித்தேனா? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. அது கூடாத பயிற்சி இல்லை. நான் சொன்னதும் பொய்யில்லை.

அன்றிரவு சாப்பிடும்போது அவள் பின்னக் கணக்கு விளங்கவில்லை என்றாள். நான் எனக்கு விளங்காத இதைச் சொன்னேன். சொல்லிவிட்டுக் கை கழுவ எழும்பினேன்.

"இருங்கோ அம்மா, அப்பாவின்ரை முறை இருக்கு" என்றாள்.

சாப்பிட்ட கை காயும்வரை இரண்டு பேரும் இருந்தோம்.

இப்படிக்கு,
பிள்ளையின் அம்மா