ரோசாலி கற்றுக்கொடுத்த ப்ளீஸ்

நவம்பர் 2, 1938. புதன்.

விடாத மழை. கல்லறைத் திருநாள். அப்பா கல்லறையில் வைத்த மெழுகுவர்த்தி நிற்கவே இல்லை. தீப்பெட்டியும் நனைந்துவிட்டது. போதும் என்று திரும்பிவிட்டேன். என் நிலைமை அவருக்குத் தெரியாதா என்ன?

பிரெஞ்சுக்காரர் ஆலை ஆபீஸில் ஆள் குறைத்து என்னையும் அனுப்பியதிலிருந்து, பாண்டிச்சேரி முத்தியால்பேட்டையில் எதிர்ப்படுகிறவர்களுக்கெல்லாம் ஒரே கேள்வி. "என்னா முசியே, இன்னும் ஒண்ணும் அமையலையா?" அமைந்திருந்தால் இந்த மழையில் ஏன் அலைகிறேன்?

மாலையில் இரண்டு சேதி. கடலூரில் ஓர் இங்கிலீஷ் கம்பெனியில் குமாஸ்தா வேலை. திங்கட்கிழமை நேரில் வரச்சொல்லியிருக்கிறார்கள். மற்றது மனைவி ரோசாலிக்கு. அவள் படித்த கடலூர் கன்னியர் மடத்திலிருந்து மதர் சொல்லி அனுப்பியிருக்கிறார். ஊட்டிக்குப் போகும் வெள்ளைக்காரக் குடும்பம், பிள்ளை பார்த்துக்கொள்ள ஆயா வேண்டுமாம். அடுத்த வியாழக்கிழமை புறப்பட வேண்டும்.

"ஒங்களுக்கு வேல கெடச்சா நான் போவல. இல்லன்னா போயிடுவேன். லூசியா பசிக்குதுன்னா என்னா பதில் சொல்றது?"

லூசியாவுக்கு நான்கு வயது. அவளை விட்டுவிட்டு யார் பிள்ளைக்கோ சோறு ஊட்டப் போகிறாள் என் மனைவி. வருடத்துக்கு ஒரு முறை வர விடுவார்களாம்.

நவம்பர் 4. வெள்ளி.

தூறல். சட்டைக் காலர் திருப்பித் தைக்க வேண்டும்.

பிரெஞ்சில் எப்பேர்ப்பட்ட கடிதமும் எழுதுவேன். இங்கிலீஷ் மட்டும் வாயில் நிற்காது. ரோசாலிதான் வாத்தியார். மூன்று நாளில் முழு பாஷையும் ஆகாது, ஒரு வார்த்தையை உருப்படியாகப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றாள். ப்ளீஸ். அவள் சொன்னபடி:

எதைக் கேட்டாலும் கடைசியில் ப்ளீஸ்.

டீ வேண்டுமா என்றால் யெஸ் ப்ளீஸ். வேண்டாமென்றால் ப்ளீஸ் வராது, தேங்க்யூ. (எனக்கு யார் டீ கொடுக்கப் போகிறார்கள்.)

காதில் சரியாக விழாவிட்டால், ஒன்ஸ் மோர் ப்ளீஸ்.

துரைமார் வேலைக்காரனை ஏவும்போதும் ப்ளீஸ்.

இந்த இடத்தில் எனக்குக் கோபம். உத்தரவு போடுகிறவனுக்கு எதற்குத் தயவு?

"அது தயவு இல்லீங்க. கதவு சாத்தறப்ப சத்தம் கேக்காம துணி வெக்கிறோமே, அந்த மாதிரி."

கெஞ்சும்போதும் உண்டாம். அது உங்களுக்கு வேண்டாம் என்று தாண்டிவிட்டாள். நான் சொல்லும் விதம்தான் அவளுக்குப் பிடிக்கவில்லை. "பிச்ச கேக்கறாப்புல இழுக்காதீங்க. கொரல் தாழக் கூடாது. சட்டுனு சொல்லிட்டு நிமிந்து பாருங்க." இருபது தடவையாவது திருத்தியிருப்பாள்.

நவம்பர் 6. ஞாயிறு.

பூசை. மாதாவிடம் வேண்டும்போது ப்ளீஸ் என்றே வாயில் வந்தது. லூசியாவும் பிடித்துக்கொண்டாள். "அப்பா, ப்ளீஸ், தூக்கு." அவளுக்கு எவ்வளவு அழகாக வருகிறது!

பரணிலிருந்து டிரங்குப் பெட்டி இறங்கியிருக்கிறது. கேட்டால், "சும்மா தொடச்சி வெச்சேன்." பெட்டிக்குள் இரண்டு புடவை. சும்மாவா? கத்திவிட்டேன். சாப்பிடவில்லை.

நவம்பர் 7. திங்கள்.

எழுதவே கை வரவில்லை. எழுதாவிட்டால் வெடித்துவிடுவேன்.

பஸ், எல்லையில் சுங்கச்சாவடி, சேறு. கம்பெனிக்கு நேரத்தோடு போய்விட்டேன். வாசலில் டவாலி போட்ட பியூன். கை கொடுத்தேன். உள்ளே ஹெட் கிளார்க். கை கொடுத்தேன். ஆலை ஆபீஸில் காலையில் நுழைந்தால் துரை முதல் காவலாளி வரை எல்லாருக்கும் கை கொடுத்துவிட்டுத்தான் உட்காருவோம். பழகிய கை, அதுவாக நீண்டது. துரை தன் அறை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்குத் தெரியவில்லை. நேரே போய் அவரிடமும் நீட்டினேன்.

அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். என் கை அந்தரத்தில் நின்றது. எவ்வளவு நேரமோ.

"ப்ளீஸ் வெயிட் அவுட்சைட்."

காத்திருந்தேன். எனக்குப் பின்னால் வந்த இரண்டு பேர் உள்ளே போய்ப் பேசிவிட்டுப் போனார்கள். துணி வைத்துச் சாத்திய கதவு என்று அப்போதே புரிந்தது. ஆனாலும் எழுந்து போகக் கால் வரவில்லை. ஆபீஸ் பூட்டும்போது பியூன் பக்கத்தில் வந்தான்.

"பாண்டிச்சேரிங்களா சாமி? இங்க தொரைக்கு நாம சலாம்தான் வெக்கணும். அதுவும் எனக்குக் குடுத்த கைய அவருகிட்ட நீட்டிப்புட்டீங்களே."

சாவியை மடியில் செருகிக்கொண்டு, "எனக்கு இதுவரைக்கும் யாரும் கை குடுத்ததில்ல சாமி" என்றான். மறுபடி கை கொடுத்துவிட்டு வந்தேன்.

நவம்பர் 8. செவ்வாய்.

ரோசாலியிடம் சொன்னேன். "கையா குடுத்தீங்க? அய்யோ மாதாவே!" சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "பேசத்தான் சொல்லிக் குடுத்தேன். இது எனக்குத் தோணவே இல்லையே."

மிச்சமிருந்த புடவைகளும் பெட்டிக்குள் போயின. இந்தத் தடவை நான் கத்தவில்லை.

நவம்பர் 10. வியாழன்.

வெயில். எட்டு நாள் பெய்த மழைக்கு இன்றுதான் ஓயத் தோன்றியது.

ஸ்டேஷன். லூசியா என் தோளில் தூங்கிவிட்டாள். அது நல்லதுதான். ரோசாலி ஜன்னலோரம் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருந்தாள். பிள்ளைக்குத் தலை துவட்டுவது, என் அக்கா வீட்டில் விடும்போது பால் டம்ளரையும் கொடுத்தனுப்புவது, பரணில் ஊறுகாய். எதுவும் என் காதில் ஏறவில்லை. கார்டு பச்சைக் கொடியை எடுத்தார்.

"ரோசாலி, ப்ளீஸ்."

பிச்சை கேட்கிற மாதிரிதான் இழுத்தேன். குரல் தாழ்ந்தது. நிமிர்ந்து பார்க்கவும் முடியவில்லை.

அவள் திருத்தவில்லை.