நீ திரும்பப் பெற்ற கட்டுரை

திரும்பப் பெற்றுவிட்ட கட்டுரையையும் ஒருவர் எழுதிய கட்டுரைகளோடு சேர்க்கலாமா? காலையிலிருந்து இதே யோசனை. நீ இருந்தால் உன்னையே கேட்டிருப்பேன்.

அடுத்த வாரம் நம் ஆய்வுக்கூடத்தில் உன் படத்தைத் திறக்கிறார்கள். பக்கத்தில் உன் கட்டுரைகளின் பட்டியலையும் மாட்டப் போகிறார்கள். அதைத் தயாரிக்கும் வேலை என்னுடையது. புதிய துறைத்தலைவர், "அந்த ஒண்ண மட்டும் வுட்டுடுங்க மேடம், நல்ல நாளும் அதுவுமா எதுக்கு?" என்றார். உன் மேல் மரியாதை உள்ளவர்தான்.

ஆனால் உலகம் அதிகம் மேற்கோள் காட்டுவது அந்த ஒன்றைத்தான், நீ திரும்பப் பெற்ற பிறகும். யாராவது மேற்கோள் காட்டினால் எனக்கு மின்னஞ்சல் வருகிறது. முதலில் உன் பெயர், அடுத்து என் பெயர். படிக்காமலேயே எழுதுகிறார்கள் என்று எரிச்சல்தான் வரும். ஆனாலும் வராத வாரங்களில் மின்னஞ்சலைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்க்கிறேன். நீ இறந்தபின் இந்த ஒன்பது மாதமாக உன் பெயர் என்னிடம் வருவது அந்த வழியில் மட்டும்தான்.

புதுப்பட்டினத்து மீன்காரப் பெண்களிடம் நாம் ரத்தம் எடுத்த அந்தக் காலையை நினைத்துப் பார்க்கிறேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. குழாய்களை அடுக்கிப் புறப்படும்போது செல்வியக்கா பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, ஐஸு இல்லாம எடுத்துகினு போறீங்க? செங்கல்பட்டு போறதுக்குள்ள நாறிடாது?"

"இது மீன் இல்லக்கா, உங்க ரத்தம்."

"ரத்தம்னா கெடாதா? நல்லா கீதே கதை!"

கூடையிலிருந்து ஐஸை அள்ளிப் போட்டு அவரே அமுக்கி வைத்தார். நாம் இருவரும் சிரித்துக்கொண்டே பேருந்து ஏறினோம். செல்களைப் பிரிக்காத ரத்தத்தைக் குளிரில் வைத்தால் உள்ளிருக்கும் பொட்டாசியம் வெளியே கசிந்துவிடும், அளவு கூடுதலாகக் காட்டும். வகுப்பில் இதை நடத்துகிறவர்கள் நாம். கடற்கரையில், அந்த வெயிலில், ஐஸ் என்றதும் நிம்மதியாக இருந்தது, அவ்வளவுதான். பிறகு போன நாட்களிலும் நாமே ஐஸ் கேட்டு வாங்கினோம்.

எல்லோருக்கும் பொட்டாசியம் கூடுதல். கட்டுரை வந்தது, பேசப்பட்டது. கருவாடு காரணம், வியர்வை காரணம் என்று பலரும் எழுதினார்கள்.

இரண்டு வருடம் கழித்து அங்கேயே ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கக் கையோடு ஒரு இயந்திரம் கொண்டுபோனோம். அதே பெண்கள், எல்லாம் சரியான அளவு. திரும்பும்போது பேருந்து நிறுத்தத்தில் குறிப்பேட்டின் பழைய பக்கங்களைப் புரட்டினாய். பிறகு, "ஐஸுடி" என்றாய். "வாபஸ் வாங்கிடலாம்."

"எனக்கு அடுத்த மாசம் புரொமோஷன் இன்டர்வியூ. இது ஒண்ணுதான் என்கிட்ட உருப்படியா இருக்கு. இப்ப யாரு கேட்டா?"

"நம்ம கட்டுரையைப் பார்த்துட்டு இங்க இருக்கிற டாக்டரு, பொட்டாசியம் இன்னும் ஏறிடும், இளநி குடிக்காதேன்னு சொல்லியிருக்காராம். கடலோரத்துல இருக்கிறவங்களை."

வாபஸ் கடிதத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. நீ தனியாக எழுதி அனுப்பினாய். எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது. திரும்பப் பெறும் அறிவிப்பு வெளியாக ஒரு வருடம் பிடித்தது. அதற்கும் முன்பே நீ ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்து, சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடி செல்வியக்காவைப் போலவே பேசிக் காட்டினாய். "அப்ப நாங்க நல்லாத்தான் கீறமா? ரெண்டு வருசமா எளனி பக்கம் போவலியே, பாவி!" நானும் சிரித்தேன். அந்தக் கையெழுத்தைப் பற்றி மட்டும் நாம் பிறகு பேசவே இல்லை. உன் பொரியலில் பாதியை என் டப்பாவில் வைப்பதையும் நீ நிறுத்தவில்லை. ஒரு நாளாவது திட்டியிருக்கலாம். நீ திட்டியதையாவது இப்போது வைத்திருப்பேன்.

விட்டுவிட்டால் பட்டியல் அழகாக இருக்கும், நானும் தப்பித்துக்கொள்வேன். சேர்த்தால் அறிவிப்பையும் சேர்க்க வேண்டும். அதன் கடைசி வரி: "இரண்டாம் ஆசிரியர் இதற்கு உடன்படவில்லை."

நேற்று இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டேன். இன்று நடந்தது இது. காலையில் பட்டியலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மற்றவற்றைப் போலவே தலைப்பு மட்டுமாக அந்தக் கட்டுரை இருந்தது, கீழே அறிவிப்பும் அந்தக் கடைசி வரியோடு முழுதாக இருந்தது. துறைத்தலைவர் விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்தார்.

"யாரு மேடம் இந்த ரெண்டாவது ஆளு?"

"நான்தான்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "இதுவும் மாட்டணுமா?"

"மாட்டணும்" என்றேன். பதினோரு மணிக்கு எனக்கு வகுப்பு இருந்தது. போய் நடத்தினேன்.