மூக்கண்டப்பள்ளி அறைச் சாவி

அன்புள்ள வினிதாவுக்கு,

புது அறையில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா? ஜன்னல் கொக்கி ஆடிக்கொண்டிருந்தது. மாற்றித் தரச் சொல்.

"அப்பா அம்மா இல்லாத பொண்ணுக்கு வீடு இல்லைன்னு மூணு பேர் சொல்லிட்டாங்க. ஒரு நாள் அம்மாவா வந்து நிக்கிறியா?" என்று நீ போனில் கேட்டதும் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு ஓடி வந்தேன். 'ஒரு நாள்' என்று நீ சொன்னது பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

"பாகலூர்ல சொந்த வீடு இருக்குதுங்கிறீங்க. பொண்ணு எதுக்கு வாடகைக்கு இருக்கணும்?" என்று வீட்டுக்காரர் என்னைக் கேட்டார். நான் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டேன். நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு, "காலை ஷிப்டுக்கு அங்கிருந்து பஸ் இல்லைங்க" என்று நீயே சொன்னாய். காலை நாலே முக்கால் பஸ் நம் வீட்டெதிரில்தான் நிற்கிறது.

குழந்தைகள் இல்லத்திலிருந்து வளர்க்கக் கூட்டி வந்தபோது உனக்குப் பதினொரு வயது. பதினெட்டு முடிந்ததும் குழந்தைகள் நல அதிகாரி வந்தார். "சட்டப்படி உங்க பொறுப்பு முடிஞ்சுது. விருப்பம் இருந்தா இங்கேயே இருக்கட்டும், என்ன சொல்றீங்க?" என்றார். உன் அண்ணன் கல்யாணத்துக்கு அறை வேண்டுமென்று அப்பாதான் அனுப்பிவிட்டார் என்று எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். அதிகாரி கேட்டது என்னைத்தான். நான் காபி போட எழுந்து போய்விட்டேன். நீ கதவருகே நின்றிருந்தாய்.

அண்ணன் பெங்களூருக்கே போய்விட்டான். அறை சும்மாதான் கிடக்கிறது.

சாவியை வீட்டுக்காரர் என் கையில்தான் கொடுத்தார். அவர் போனதும் உன்னிடம் நீட்டினேன். "ரொம்ப நன்றிங்க" என்றாய். ஏழு வருஷமும் என்னை நீ, வா, போ என்றுதான் கூப்பிட்டிருக்கிறாய்.

இப்படிக்கு,
உன்னை வளர்த்தவள்