மெயில் சர்வருக்கு என்னைத் தெரியாது

12-6-2001, செவ்வாய்

இத்தனை நாள் ஆபீசில் யார் யாருக்கு மெயில் வரலாம் என்ற பட்டியலை நான்தான் கையால் டைப் செய்து வைத்திருந்தேன். புதிதாகச் சேர்பவர்கள் முதலில் என் மேஜைக்கு வருவார்கள். கூடவே வம்பும் வரும். இனி மெயில் சர்வர் நேரே ஊழியர் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்ளும்படி புரோகிராம் எழுதி, அந்தச் சுகத்தில் மண்ணைப் போட்டவனும் நானே. இன்று ஓடவிட்டோம்.

மதியம் பக்கத்து சீட் ரமாமணி, "என்ன சார், உங்களுக்குப் போட்ட மெயில் திரும்பி வருது? அப்படி ஒரு ஆளே இல்லையாம்!" என்று சிரித்தாள். திறந்து பார்த்தேன். போன வாரம் சேர்ந்த டிரைவர்கூட டேட்டாபேஸில் இருக்கிறார். நான் இல்லை. அதில் பர்மனென்ட் ஆட்கள் மட்டும்தான்; நான் இன்னும் கான்ட்ராக்ட் ஆள்தானாம். பர்மனென்ட் ஆக்கியாச்சு என்று போன தீபாவளிக்கே மேனேஜர் கைகுலுக்கினார். நானும் ஆபீஸ் முழுக்க மைசூர்பாகு கொடுத்தேன்.

அவரிடமே கேட்கப் போனால் நிமிராமலே, "அதுக்கு எதுக்கு சார் டென்ஷன்? உங்க பழைய லிஸ்ட் ஃபைலையும் சர்வர் பாக்கட்டும், அதுல உங்க பேரை மட்டும் வெச்சுக்குங்க" என்றார்.

வைத்துக்கொண்டேன். அந்த ஃபைலில் இப்போது நான் ஒருவனே ராஜா.

வீட்டில் இவள் சாப்பாடு போட்டுக்கொண்டே, "புது ஏற்பாடு ஒழுங்கா வேலை செய்யுதா?" என்றாள். பிரமாதமாகச் செய்கிறது, அதற்குப் பொய் சொல்லத் தெரியாது என்றேன். எனக்குத் தெரியும். பர்மனென்ட் கதையைச் சொல்லாமல் இன்னொரு கரண்டி சாம்பார் கேட்டேன்.