பாரத்துக்கு பிரேக் கிடையாது

மார்ச் 4
கிடங்கில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டப் புதிதாக வந்த இரண்டு பேருக்கு இன்று நான்தான் பாடம் எடுத்தேன். தண்ணீர் பீப்பாயைக் கட்டாமல் மரத்தட்டில் ஏற்றி, வேகமாகப் போய், சட்டென்று பிரேக்கை மிதித்தேன். வண்டி நின்றது. பீப்பாய் தட்டை விட்டுப் பறந்து சுவரில் மோதிய பிறகுதான் நின்றது. “பிரேக் வண்டிக்குத்தான். பாரத்துக்கு பிரேக் கிடையாது” என்றேன்.

கிடங்கெல்லாம் தண்ணீர். சூப்பர்வைசர் வந்து கத்தினார். வேறு யார், அக்கா புருஷன்தான். “வாய் மட்டும் காது வரைக்கும் நீளுது. தொடைச்சு வை.” வீட்டில் மாமா, இங்கே சார். இரண்டு இடத்திலும் அதே நாக்குதான்.

மார்ச் 9
அக்கா நெற்றியில் தையல். பாத்ரூமில் வழுக்கி விழுந்தாளாம். யாரிடம் காது குத்துகிறாள்? தள்ளியது ஒரு நொடிதான் இருக்கும். ஈரத் தரை, பிடிக்க ஒன்றுமில்லை, தொட்டி விளிம்பு வந்து நிறுத்தும் வரை போயிருக்கிறாள். தள்ளினவன் அதற்குள் டிவி பார்க்கப் போயிருப்பான்.

“கிளம்பி வந்துடுக்கா.”

“வந்தா உன் வாசல்லயே வெட்டிப் போடுவேன்னு சொல்லியிருக்கார்டி. செய்வார்.”

செய்வார். எனக்கும் தெரியும்.

மார்ச் 10
அவனக் கொல்லணும். எழுதிட்டேன். எழுதினா என்ன?

மார்ச் 17
மேலடுக்குச் சரக்கைப் பார்க்க மாமா வழக்கம்போல என் வண்டியின் வெறும் தட்டில் ஏறி நின்று “தூக்கு” என்றார். தட்டில் ஆள் ஏறக்கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியதே அவர்தான். ஏணி எடுக்கச் சோம்பல். மூன்று ஆள் உயரம் தூக்கினேன்.

“இறக்காத. அப்படியே அடுத்த வரிசைக்குப் போ.”

போனேன். மேலிருந்து சிரித்துக்கொண்டே சொன்னார்: “உங்கக்காவுக்கு நேத்துக் கொடுத்தது பத்தல. மிச்சம் இன்னிக்கு இருக்கு.”

வேகத்தைக் கூட்டினேன். மிதித்தேன்.

வண்டி நின்றது.

மூட்டை விழுகிற சத்தம்தான். அலறல் கொஞ்சம் பொறுத்து வந்தது. தொடைக்கு வெளியே எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. “அவருக்குக் கால் தவறிடுச்சு சார்” என்று மேனேஜரிடம் சொன்னேன். தட்டில் ஏறியது அவர் தப்பு என்று எல்லாருமே சாட்சி சொன்னார்கள்.

தவறவில்லை.

மார்ச் 18
ஆஸ்பத்திரியில் எல்லார் முன்னாலும் அக்கா என்னை அறைந்தாள். “யாருடி உன்னக் கேட்டா?” கன்னம் எரிகிறது.

ஏப்ரல் 30
முதுகுத்தண்டும் உடைந்ததால் மாமாவுக்கு இடுப்புக்குக் கீழே இனி அசைவு வராதாம். பின்னாலிருந்து யாராவது தள்ளினால்தான் நகரும் சக்கர நாற்காலி கொடுத்திருக்கிறார்கள். அக்கா கழுத்தில் கொப்புளம். கொதிக்கக் கொதிக்கக் காபியை வீசியிருக்கிறான்.

“உக்காந்த இடத்துலேருந்தே குறி தப்பலடி.”

அடப்பாவி. இன்னும் நிக்கலையா நீ?

மே 12
அக்கா போன் செய்தாள். சிரித்தாள்! எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு.

“ஆஸ்பத்திரி சரிவுப் பாதைல நாற்காலிலேருந்து கைய விட்டுட்டேன்டி. பாதி தூரம் தானா போச்சு. ஓடிப்போய்ப் புடிச்சேன். வீடு வர்ற வரைக்கும் மனுஷன் வாயே தொறக்கல.”

“அதுல பிரேக் இல்லையா?”

“இருக்கு. பின்னாடி. அவர் கைக்கு எட்டாது.”

போனை வைத்த பிறகும் அந்த நாற்காலி கண்ணில் உருண்டுகொண்டே இருந்தது. ஏனென்று தெரியவில்லை. அன்று பிரேக்கை மிதித்தபோது இப்படி இல்லை.

மே 19
அக்கா கூப்பிட்டதால் ஆஸ்பத்திரிக்குப் போனேன். “நீ சரிவுக்குக் கீழ நில்லு” என்றாள். நின்றேன். மேலே மாமாவின் நாற்காலியிலிருந்து கையை எடுத்தாள்.

முதலில் மெதுவாகத்தான் வந்தது. வரவர வேகம் கூடியது. என்னையே பார்த்துக்கொண்டு அலறினார். பிடித்தேன், நாற்காலி இடித்து முழங்கால் வீங்கிவிட்டது. என் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“அவ கொன்னுடுவாம்மா. நீ சொன்னா கேப்பா. நீயே தள்ளிட்டுப் போம்மா.”

முகம் வெளுத்திருந்தது. தையல் போட்ட அன்று அக்காவுக்கும் இப்படித்தான் இருந்தது.

“சரி மாமா” என்றேன். மேலே தள்ளிக்கொண்டு போய் அக்கா கையில் கொடுத்தேன்.