கல்லறைக்கு வந்த கல்

இராயபுரம்,
20-10-1952

அன்புள்ள ஃப்ளோரன்ஸ்,

நம் ஆலிஸைக் கடல் கொன்று கரையில் போட்ட பிறகு, கடலே கண்ணில் படாத ஊர் வேண்டுமென்று அரியலூருக்கு உன் அண்ணன் வீட்டுக்குப் போனாய். அங்கிருந்துதான் எங்கள் சூளைக்குச் சுண்ணாம்புக்கல் வருகிறது. உடைத்தால் உள்ளே சிப்பியும் நத்தையும். அந்த ஊரும் ஒரு காலத்தில் கடல்தானாம். செத்ததெல்லாம் அடியில் சேறோடு படிந்து, அழுந்திக் கல்லாயிற்று. கடல் விலகியதும் மழை மேல்மண்ணை அரித்து அதை வெளியே காட்டிவிட்டது. தின்றதை ஒழுங்காக மறைக்கக்கூடத் தெரியாத பிராணி, இந்தக் கடல்.

எங்கள் முதலாளி தர்மவான். விலைபோகாத ஒரு கல்லை ஆலிஸின் கல்லறைக்கென்று இனாமாகக் கொடுத்தார். "பூ செதுக்குன மாரி கீது பாரு நைனா, சும்மா எத்துகினு போ" என்றான் மேஸ்திரி. பூவல்ல, முழுக்கச் சிப்பி. கும்பிட்டு வாங்கிக்கொண்டேன்.

நேற்று அதைச் சூளையில் போட்டு எரித்துவிட்டேன். குழந்தையின் மேலும் கடல் ஏறி உட்கார வேண்டாம்.

கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் வெள்ளையடிப்பார்கள். நமக்குச் சுண்ணாம்பும் வேண்டாம், அதுவும் அந்தச் சிப்பிதான். நீ வந்தால் இருவருமாக கல்லறை மேட்டுக்கு மண்ணை அணைத்துவிடலாம். தண்டையார்பேட்டையில் ஒரு வீடு பார்த்திருக்கிறேன். ஒரே ஜன்னல், அதுவும் பக்கத்துக் கிடங்கின் சுவரைப் பார்த்திருக்கிறது.

இப்படிக்கு,
ஆலிஸின் அப்பா