காரி யாருடைய மாடு, மாப்ள?

மாப்ள,

போன ஞாயிற்றுக்கிழமை கோரிப்பாளையத்தில் உன் வீட்டுக்குப் போயிருந்தேன். கிளம்பும்போது உன் மனைவி ஒரு ஜவுளிக்கடைப் பையைக் கொடுத்து, "அண்ணே, இத உங்ககிட்டக் குடுக்கச் சொல்லியிருந்தாக" என்றார். உள்ளே நம் காலத்துக் கையடக்கக் கேம் பெட்டி, உன்னுடையது, கேசட்டோடு. சும்மா எதையும் கொடுக்கிற ஆளில்லையே நீ, இதில் என்ன வில்லங்கம் என்றுதான் முதலில் தோன்றியது. செத்துப்போனவனைப் பற்றி இப்படியா நினைப்பாய் என்று கோபிக்காதே. விபத்தில் நசுங்கிய வண்டிகளைப் பார்த்து இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக்கொடுப்பது என் பிழைப்பு. கீறல் பழசா புதுசா என்று பார்க்காமல் எதையும் நம்புவதில்லை. வீட்டில் பால் பொங்கி வழிந்தால்கூட நான் விசாரணை வைப்பதாக என் மனைவி சொல்கிறாள்.

புது பேட்டரி போட்டதும் திரை உயிர்பெற்றது. அந்தப் பழைய டிங் சத்தத்துக்காகவே அணைத்துவிட்டு இன்னொரு முறை போட்டேன்.

பதினொன்றாம் வகுப்பில் சவுதியிலிருந்து உன் மாமா இரண்டு பெட்டிகள் கொண்டுவந்தார். ஒன்றை என் அப்பா வாங்கித் தந்தார். காடு மேடெல்லாம் சுற்றி, விதவிதமான பிராணிகளைப் பிடித்து, பழக்கி, சண்டைக்கு விடுகிற கேம். எல்லோருக்கும் சண்டைதான் பிடிக்கும். நமக்குப் பிடித்தவையெல்லாம் சில்லறை விஷயங்கள். பிடித்த பிராணி நம் பின்னாலேயே நடந்து வரும். நின்று திரும்பி ஒரு பட்டனைத் தட்டினால் அது குதிக்கும், அல்லது முறைக்கும். கேமுக்குள் செவ்வாய்க்கிழமை மட்டும் பாலத்தடியில் வந்து நிற்கிற ஒருவரைப் பார்க்க நான் அலங்காநல்லூர் பஸ்ஸைத் தவறவிட்டிருக்கிறேன். இரண்டு பெட்டிகளையும் வயரால் இணைத்துப் பிராணிகளை மாற்றிக்கொள்ளும்போது, போகிற பிராணி ஒரு நொடி திரும்பிப் பார்த்துவிட்டுப் போகும். அதற்காகவே ஒரே தவளையை நான்கு முறை மாற்றிக்கொண்டோம்.

ஒவ்வொரு பிராணியையும் முதலில் பிடித்தது யார் என்று கேம் எழுதி வைத்திருக்கும். அங்கேதான் நாம் கோட்டை விட்டோம். உன் பெயர் என்ன என்று ஆரம்பத்தில் கேம் கேட்டபோது நீ என்னைக் கேலி செய்ய MAPLA என்று அடித்தாய். நானும் உன்னைக் கேலி செய்ய அதையே அடித்தேன். அப்புறம் நான் ஒரு கறுப்புக் கொம்பு மாட்டைப் பிடித்து, எங்கள் வீட்டுக் காளையின் நினைவாக காரி என்று பெயர் வைத்தேன். பொறுக்குமா உனக்கு? நீயும் ஒன்றைப் பிடித்துக் காரி என்றே வைத்தாய். இரண்டு மாடு, ஒரே பெயர், இரண்டுக்கும் சொந்தக்காரன் மாப்ள.

அரையாண்டுப் பரீட்சையின்போது அப்பா உடைத்துவிடுவார் என்று பயந்து, என் பெட்டியை உன்னிடம் கொடுத்து வைத்தேன். பரீட்சை முடிந்து வாங்கியதும் காரியைத் திரும்பிப் பார்த்துப் பட்டனைத் தட்டினேன். என்னைக் கண்டால் துள்ளுகிற மாடு முகத்தைத் திருப்பிக்கொண்டது. மாட்டை மாற்றிவிட்டாய் என்று வண்டியூர் தெப்பக்குளத்துப் படியில் வைத்து உன்னிடம் கேட்டேன்.

"பத்து நாளா ஒன்னயக் காணாமக் கோவிச்சுக்கிருச்சு மாப்ள" என்று சிரித்தாய்.

நான் சிரிக்கவில்லை. அந்த வாரமே பெட்டியையும் கேசட்டையும் திருமங்கலத்து அத்தை மகனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகும் நண்பர்களாகத்தான் இருந்தோம். ஆனால் என் பொருள் எதையும் உன் கையில் விட்டதில்லை. செல்போன் சர்வீஸ் கடை போடலாம், நீயும் கூட நில்லு என்று நீ மூன்று முறை கேட்டாய். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று சாக்குச் சொன்னேன். உண்மையான காரணம் அந்த மாடுதான். எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. கடைசியில் கடையை நீ தனியாக நடத்தினாய். டயாலிசிஸுக்குப் போகிற நாட்களில் ஷட்டரை இறக்கிவிட்டுப் போனாய்.

கேமில் பெயர் மாற்றித் தருகிற ஒருவர் இருக்கிறார், ஞாபகமிருக்கிறதா? அவர் ஆங்கிலத்தில் நீளமாகப் பேசுவார். நாம் ஒருநாளும் படித்ததில்லை, பட்டனை அமுக்கிக்கொண்டே போய்விடுவோம். இப்போதுதான் நிதானமாகப் படித்தேன். நாமே பிடித்த பிராணிக்குத்தான் பெயர் மாற்றுவாராம், இன்னொருவர் பிடித்ததைத் தொடமாட்டாராம். இரண்டு பேரும் ஒரே பெயர் வைத்திருந்தாலும் ஆள் வேறு என்று கேமுக்குத் தெரியுமாம்.

உன் கேசட்டில் காரி இருந்தது. அவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். இது வேறொருவர் பிடித்தது, மாற்ற முடியாது என்றார்.

என் மாடு. இத்தனை வருடமாக உன்னிடம்தான் இருந்திருக்கிறது. "மாட்டுனடா" என்று சத்தமாகவே சொன்னேன். பதிலுக்குச் சண்டை பிடிக்க நீ இல்லை. திரும்பி நின்று பட்டனைத் தட்டினேன். காரி துள்ளிக் குதித்தது. நாள்கணக்காகக் கூடவே கூட்டிக்கொண்டு நடந்தால்தான் அப்படிக் குதிக்கும். நீ மொத்தம் ஆடிய நேரத்தைக் கேம் காட்டுகிற இடத்தில் பார்த்தேன். ஆயிரம் மணி நேரத்தை நெருங்கி, அதற்கு மேல் எண்ண இடமில்லாமல் நின்றுபோயிருந்தது.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. தெப்பக்குளத்துச் சண்டைக்கு அடுத்த வாரம் பள்ளிக்கூட வாசலில் அந்த வயரைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாய். "கேசட்ட எடு மாப்ள, ஒரு வேல இருக்கு" என்றாய். கொடுத்துவிட்டேன் என்று சொன்னதும் உன் முகம் செத்துப்போனது. மாட்டிக்கொண்ட திருடனின் முழி என்று நினைத்துக்கொண்டேன். விளையாட்டுக்கு மாற்றிவிட்டு, மாட்டைத் திருப்பிக் கொடுக்கத்தான் வந்தாயோ என்று இப்போது தோன்றுகிறது. செத்தவன் என்பதால் உனக்குச் சாதகமாக எழுதுகிறேனோ என்றும் ஒரு சந்தேகம் இருக்கிறது. அதை இனி யாரிடம் கேட்டுத் தீர்ப்பது?

என் மாட்டை நீ கடைசிவரை கூட்டிக்கொண்டு நடந்திருக்கிறாய். அதற்குப் பதிலாக என் கேசட்டில் நீ விட்ட உன் மாட்டை நான் ஒரு வாரம்கூட வைத்திருக்கவில்லை. உன்னைச் சந்தேகப்பட்டது சரிதான், மாப்ள. உன்னோடு கடையில் வந்து நிற்காமல் போனதுதான் தப்பு.